வான்வழிகளின் கதை – 9: லண்டன் முதல் சிட்னி வரை

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் சிட்னி கிங்ஸ்ஃபோர்டு ஸ்மித் விமான நிலையத்துக்கும் இடையே உள்ள மிகக் குறுகிய வான்தூரம் ஏறத்தாழ 17,000 கிலோமீட்டர். பூமியில் எந்த இரண்டு ஊர்களை எடுத்துக்கொண்டாலும் அவற்றுக்கிடையே உள்ள தூரம் சுமார் 20,000 கிலோமீட்டரைத் தாண்டாது. அந்த உச்ச அளவில் ஆறில் ஐந்து பங்கு லண்டன்–சிட்னி வழியிலேயே அடங்கிவிடுகிறது. விமானப் போக்குவரத்தின் ஒவ்வொரு தலைமுறையும் தன் திறமையை இந்த வழியில்தான் சோதித்துப் பார்த்தது.

1919-ல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவின் வட கரையைத் தொட 28 நாள் பிடித்தது. 1935-ல் பயணம் பன்னிரண்டரை நாளாகவும், 1947-ல் நான்கு நாளாகவும் குறைந்தது. இன்று ஒரே ஒரு இடத்தில் இறங்கிப் போனால் ஒரு நாளுக்குள் முடிந்துவிடுகிறது. விமானத்தின் வேகம் கூடியதால்தான் இப்படி நடந்தது என்று தோன்றலாம். அது பாதி உண்மைதான். 1959-ல் எட்டிய வேகத்திலேயே பயணி விமானங்கள் இன்றும் பறக்கின்றன. அதன்பின் குறைந்த நேரம் முழுவதும் வழியில் இறங்கும் இடங்களைக் குறைத்ததால் கிடைத்தது.

வரைபடத்தில் ஒரு வழி, வானில் ஒரு வழி

உருண்டையான பூமியில் இரண்டு இடங்களுக்கிடையே உள்ள மிகக் குறுகிய பாதையைப் பெருவட்டப் பாதை என்பார்கள். பூகோள உருண்டையில் லண்டன் மீது ஒரு நூலின் முனையை வைத்து, மறுமுனையைச் சிட்னி வரை இறுக்கி இழுத்தால் அந்தப் பாதை கண்ணில் படும். நூல் முதலில் வடகிழக்காகப் போகிறது. பால்டிக் கடல், ரஷ்யா, கஜகஸ்தானின் வடபகுதி, மேற்குச் சீனா ஆகியவற்றைக் கடக்கிறது. பாதி வழி முடியும் இடம் சீனாவின் சிச்சுவான் பகுதியில் விழுகிறது. அதன்பின் தென்சீனக் கடல், பிலிப்பைன்ஸ், கிழக்கு இந்தோனேசியா வழியாக ஆஸ்திரேலியாவுக்குள் நுழைகிறது.

இந்த வழியில் பல பத்தாண்டுகள் எந்தப் பயணி விமானமும் போகவில்லை. தொடக்க கால விமானங்கள் சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை இறங்கி எரிபொருள் நிரப்பியாக வேண்டும். இறங்குவதற்குத் திடல், பெட்ரோல் கிடங்கு, வானிலைச் செய்தி, தந்தி வசதி எல்லாம் வேண்டும். சைபீரியாவிலும் உள்சீனாவிலும் பிரிட்டிஷ் விமானங்களுக்கு அவை இல்லை. எகிப்து, ஈராக், கராச்சி, கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர் என்று பிரிட்டிஷ் ஆட்சியும் செல்வாக்கும் இருந்த ஊர்களில் இருந்தன. அதனால் வான்வழி மத்தியதரைக் கடலையும் பாரசீக வளைகுடாவையும் இந்தியாவையும் தொட்டு, தெற்கே வளைந்து சென்றது. வளைவுக்கு ஏற்ப தூரமும் கூடியது.

1919: பத்தாயிரம் பவுண்டுப் பரிசு

முதல் உலகப் போர் முடிந்த அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியப் பிரதமர் பில்லி ஹியூஸின் அரசு ஒரு போட்டியை அறிவித்தது. இங்கிலாந்திலிருந்து 30 நாளுக்குள் ஆஸ்திரேலியாவுக்குப் பறந்துவரும் ஆஸ்திரேலிய விமானிகளுக்கு 10,000 பவுண்டு பரிசு. ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்ற சகோதரர்கள், ஜிம் பென்னெட், வாலி ஷியர்ஸ் என்ற இரண்டு மெக்கானிக்குகளுடன் 1919 நவம்பர் 12 அன்று லண்டன் அருகே உள்ள ஹவுன்ஸ்லோவிலிருந்து புறப்பட்டார்கள். போருக்காக வடிவமைக்கப்பட்ட விக்கர்ஸ் விமி ரக விமானம். இரண்டு எஞ்சின்கள், திறந்த இருக்கைகள். ஐரோப்பிய நவம்பரின் பனிக்காற்று முகத்தில் அறைய அவர்கள் பறந்தார்கள்.

கெய்ரோ, டமாஸ்கஸ், பஸ்ரா, கராச்சி, டெல்லி, அலகாபாத், கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர் என்று வழி நீண்டது. ஜாவாவின் சுரபாயாவில் இறங்கியபோது விமானத்தின் சக்கரங்கள் சேற்றில் புதைந்துவிட்டன. மேலே காய்ந்த மண், அடியில் களி. அந்த ஊர் மக்கள் வீடுகளிலிருந்து மூங்கில் பாய்களைக் கொண்டுவந்து வரிசையாக விரித்தார்கள். அந்தப் பாய்களின் மேல் ஓடித்தான் விமானம் மேலெழுந்தது. டிசம்பர் 10 அன்று டார்வினில் இறங்கியபோது புறப்பட்டு 27 நாள் 20 மணி நேரம் ஆகியிருந்தது. உண்மையில் பறந்த நேரம் சுமார் 135 மணி, அதாவது ஆறு நாளுக்கும் குறைவு. மீதி மூன்று வாரத்துக்கு மேல் தரையில் கழிந்தது. இந்த வழியின் அடுத்த நூறாண்டு வரலாறு இந்தக் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது.

போட்டியின் விலை கடுமையாக இருந்தது. கலந்துகொண்ட மற்ற அணிகளில் நான்கு விமானிகள் உயிரிழந்தார்கள். ஸ்மித் சகோதரர்களைத் தவிர டார்வினை எட்டிய ஒரே அணி ரே பேரரும் ஜான் மெக்கின்டாஷும்தான். பழைய ஒற்றை எஞ்சின் விமானத்தில் அவர்களுக்கு 206 நாள் ஆனது.

டார்வினில் இறங்குதளத்தைத் தயார் செய்தவர் ஹட்சன் ஃபிஷ். அவரும் பால் மெக்கின்னஸும் போட்டிக்காக வட ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பகுதியில் ஃபோர்டு கார் ஒன்றில் வழி பார்த்துச் சென்றவர்கள். சாலையே இல்லாத அந்த நிலத்தில் விமானம்தான் உதவும் என்று அந்தப் பயணம் அவர்களுக்குக் காட்டியது. 1920 நவம்பரில் குயின்ஸ்லாந்தில் அவர்கள் தொடங்கிய நிறுவனம்தான் குவான்டாஸ்.

தனி விமானிகளும் 1934 பந்தயமும்

1928 பிப்ரவரியில் பெர்ட் ஹிங்க்லர் தனியாகவே பறந்து பதினைந்தரை நாளில் டார்வின் சேர்ந்தார். 1930 மே மாதம் 26 வயது ஏமி ஜான்சன், ஜிப்ஸி மாத் என்ற சிறு விமானத்தில் லண்டனின் குராய்டனிலிருந்து பத்தொன்பதரை நாளில் டார்வின் வந்தார். இந்த வழியில் தனியாகப் பறந்த முதல் பெண் அவர். இந்தப் பயணங்கள் மனித உறுதியைக் காட்டின. பணம் கொடுத்து ஏறும் பயணி நம்பிக்கையோடு போகலாம் என்பதைக் காட்டியது 1934 அக்டோபரில் நடந்த மேக்ராபர்ட்ஸன் பந்தயம்.

மெல்போர்ன் நகரின் நூற்றாண்டுக்காக நடத்தப்பட்ட அந்தப் பந்தயம் இங்கிலாந்தின் மில்டன்ஹாலில் தொடங்கியது. பாக்தாத், அலகாபாத், சிங்கப்பூர், டார்வின், சார்ல்வில் ஆகிய ஐந்து இடங்களில் கட்டாயம் இறங்க வேண்டும். பந்தயத்துக்கென்றே கட்டிய டி ஹாவிலண்ட் காமெட் விமானத்தில் ஸ்காட், கேம்ப்பெல் பிளாக் இருவரும் 71 மணி நேரத்தில் மெல்போர்னை எட்டி வென்றார்கள். உலகின் கவனத்தை அதிகம் ஈர்த்தது இரண்டாவதாக வந்த விமானம். அது நெதர்லாந்தின் கே.எல்.எம். நிறுவனத்தின் டக்ளஸ் டி.சி.-2, பெயர் உய்வர். மூன்று பயணிகளையும் அஞ்சலையும் ஏற்றிக்கொண்டு, வழக்கமான சேவை போலவே பறந்து, 90 மணி நேரத்தில் வந்து சேர்ந்தது.

கடைசி இரவில் உய்வர் புயலில் வழி தவறியது. கீழே ஆல்பரி என்ற சிற்றூர். விமானத்தின் இரைச்சலைக் கேட்ட ஊரார் தெருவிளக்குகளை அணைத்து ஏற்றி, ஊரின் பெயரை மோர்ஸ் குறியீட்டில் வானுக்குத் தெரிவித்தார்கள். உள்ளூர் வானொலி நிலையம், கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் குதிரைப் பந்தயத் திடலுக்கு வாருங்கள் என்று அறிவித்தது. கார்கள் வரிசையாக நின்று விளக்கைப் பாய்ச்ச, அந்த வெளிச்சத்தில் விமானம் இறங்கியது. மறுநாள் காலை சேற்றில் புதைந்த விமானத்தை ஊர்மக்கள் கயிறு கட்டி இழுத்து வெளியேற்றினார்கள். வேகமான விமானம் கையில் இருந்தாலும், இரவில் இறங்க வெளிச்சமும் திசை சொல்ல ஆளும் இல்லாத வரை பயண நேரம் குறையாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பகலில் பறந்து, இரவில் உறங்கி

1934 டிசம்பரில் பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸும் ஆஸ்திரேலியாவின் குவான்டாஸும் சிங்கப்பூரில் கைகோத்து அஞ்சல் சேவையைத் தொடங்கின. 1935 ஏப்ரலில் பயணிகளும் ஏறினார்கள். லண்டனுக்கும் பிரிஸ்பேனுக்கும் இடையே பன்னிரண்டரை நாள். ஐரோப்பாவின் ஒரு பகுதியை ரயிலில் கடக்க வேண்டியிருந்தது. கப்பலில் போனால் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்பதால் அந்தப் பன்னிரண்டரை நாளே அன்று பெரும் முன்னேற்றம்.

1938-ல் பறக்கும் படகுகள் வந்தன. ஷார்ட் நிறுவனம் கட்டிய எம்பயர் ரக நீர்விமானங்கள் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து சிட்னியின் ரோஸ் பே வரை பறந்தன. ஓடுபாதை அமைக்கும் செலவு இல்லை. கடலும் ஆறும் ஏரியும் போதும். கராச்சியைத் தாண்டியதும் ராஜ்சமந்த் ஏரி, குவாலியர், அலகாபாத், கல்கத்தா என்று இந்திய நீர்நிலைகளில் அவை இறங்கின. சுமார் 15 பயணிகள், மெத்தை இருக்கைகள், நின்று வேடிக்கை பார்க்க ஜன்னலோர நடைவழி. மாலையானதும் படகு நீரில் இறங்கும். பயணிகள் கரையில் ஹோட்டலில் உறங்கி, விடியற்காலையில் மீண்டும் ஏறுவார்கள்.

பயணம் மொத்தம் ஒன்பதரை நாள் நீடித்தது. அந்த விமானங்கள் மணிக்கு 260 கிலோமீட்டர் வேகத்தில் சென்றன. இறங்கும் இடங்களையெல்லாம் சேர்த்து 20,000 கிலோமீட்டர் என்று கொண்டாலும் பறக்கும் நேரம் 77 மணிதான், அதாவது மூன்று நாளைக்குச் சற்று அதிகம். மூன்றில் இரண்டு பங்கு நேரம் நீரிலும் கரையிலும் கழிந்தது.

கொக்கல ஏரிக்கு வந்த இரட்டை விடியல்

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. லண்டன்–சிட்னி வழி நடுவில் அறுந்தது. அதை மீண்டும் ஒட்டவைத்த இடம் இலங்கை. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் பெர்த் நகரின் ஸ்வான் ஆற்றிலிருந்து, காலிக்கு அருகே உள்ள கொக்கல ஏரி வரை இந்தியப் பெருங்கடலை ஒரே மூச்சில் தாண்டும் சேவை 1943-ல் தொடங்கியது. தூரம் சுமார் 5,600 கிலோமீட்டர்.

குவான்டாஸ் விமானிகள் ஓட்டிய ஐந்து கேட்டலினா நீர்விமானங்கள் இந்தப் பணியில் இருந்தன. கூடுதல் எரிபொருள் தொட்டிகளைப் பொருத்துவதற்காக, தவிர்க்கக்கூடிய கருவிகளையெல்லாம் கழற்றி எடை குறைத்தார்கள். அப்படியும் மூன்று பயணிகளுக்கும் சுமார் 69 கிலோ அஞ்சலுக்கும் மட்டுமே இடம் மிஞ்சியது. ஜப்பானிய ரோந்து விமானங்களின் காதில் விழக்கூடாது என்று வானொலியை மௌனமாக வைத்தார்கள். திசை காட்டியவை நட்சத்திரங்கள். விமானங்களுக்கும் ஆல்டேர், வேகா, ரைஜல், அன்டாரெஸ், ஸ்பைகா என்று வழிகாட்டும் நட்சத்திரங்களின் பெயர்களையே சூட்டினார்கள்.

கேட்டலினா மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தது. கடலைத் தாண்ட 27 முதல் 33 மணி நேரம் பிடித்தது. பயணிகள் ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயங்களைக் கண்டார்கள். அதனால் இதற்கு இரட்டை விடியல் சேவை என்ற பெயர் நிலைத்தது. பயணம் முடித்தவர்களுக்குச் சான்றிதழும் தரப்பட்டது. 1945 ஜூலை வரை 271 முறை கடலைத் தாண்டிய இந்தச் சேவையில் ஒரு விமானம்கூட விபத்தில் அழியவில்லை. பயணி விமான வரலாற்றில், காற்றில் தொடர்ந்து இருந்த நேரத்தின் அளவில் இதை மிஞ்சிய வழக்கமான சேவை இன்றுவரை இல்லை.

கங்காரு வழி

1945 மே மாதம் லான்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தை மாற்றியமைத்த லான்காஸ்ட்ரியன் விமானங்கள் இலங்கை வழியாக மூன்று நாளுக்குள் இங்கிலாந்தையும் சிட்னியையும் இணைத்தன. ஒன்பது பேர் உட்கார்ந்து போகலாம். படுக்கை என்றால் ஆறு பேர்தான். கட்டணத்தால் தாக்குப்பிடிக்கக்கூடிய சேவை அல்ல அது.

1947 டிசம்பர் 1 அன்று குவான்டாஸின் லாக்ஹீட் கான்ஸ்டெலேஷன் 29 பயணிகளுடன் சிட்னியிலிருந்து லண்டன் புறப்பட்டது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி ஆகிய இடங்களில் இறங்கியது. காற்றழுத்தம் சீராக்கப்பட்ட அறை என்பதால் மேகங்களுக்கு மேலே, குலுக்கல் குறைவாகப் பறந்தது. பறந்த நேரம் சுமார் 55 மணி. சிங்கப்பூரிலும் கெய்ரோவிலும் இரவு தங்கியதால் பயணம் நான்கு நாளானது. கட்டணமோ ஒரு சாதாரண ஆஸ்திரேலியத் தொழிலாளியின் ஓராண்டுச் சம்பளத்தைத் தாண்டியது. தாவித் தாவிச் செல்லும் இந்த வழியைக் கங்காரு வழி என்று குவான்டாஸ் விளம்பரப்படுத்தியது.

1959-ல் போயிங் 707 வந்தது. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம். பயணம் ஏறத்தாழ ஒன்றரை நாளாகச் சுருங்கியது. இரவு தங்கல் ஒழிந்தது. வேகத்தின் பங்கு அத்துடன் முடிந்தது. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்றின் எதிர்ப்பு செங்குத்தாக ஏறுகிறது. எரிபொருள் செலவும் கூடவே ஏறுகிறது. அதனால் பயணி விமானங்கள் இந்த வேகத்திலேயே நின்றுவிட்டன. 1971-ல் வந்த போயிங் 747 அதே வேகத்தில்தான் பறந்தது. முந்நூறுக்கும் மேற்பட்டோரை ஒரே நேரத்தில் ஏற்றியதால் கட்டணம் இறங்கியது. இறங்கும் இடங்களும் குறைந்தன.

இறங்காமல் போவது

லண்டன்–சிட்னி தூரத்தை மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்தால் 19 மணி நேரம் வருகிறது. இறங்காமல் பறந்தால் அவ்வளவுதான். தடையாக நிற்பது எரிபொருளின் எடை. தூரம் கூடினால் எரிபொருள் கூட வேண்டும். அந்தக் கூடுதல் எரிபொருளைத் தூக்கிச் செல்லவே இன்னும் எரிபொருள் வேண்டும். அந்த எடைக்கு ஈடாகப் பயணியையோ சரக்கையோ குறைக்க வேண்டிவரும்.

1961 ஜூனில் பிரிட்டிஷ் விமானப்படையின் வல்கன் குண்டுவீச்சு விமானம் இங்கிலாந்திலிருந்து சிட்னிக்கு 20 மணி 3 நிமிடத்தில் இறங்காமல் பறந்தது. வழியில் வேறு விமானங்கள் வானிலேயே எரிபொருள் ஊட்டின. பயணி விமானத்துக்கு அது சரிப்படாது.

1989 ஆகஸ்ட் 17 அன்று குவான்டாஸ் தன் புதிய போயிங் 747-400 விமானத்தை லண்டனிலிருந்து சிட்னிக்கு நேராகக் கொண்டுவந்தது. 400 பேர் அளவுக்கு ஏறக்கூடிய விமானத்தில் 23 பேர் மட்டுமே இருந்தார்கள். சாதாரண எரிபொருளைவிட அடர்த்தி கூடிய எரிபொருளைத் தனியாக வரவழைத்துத் தொட்டிகளை நிரப்பினார்கள். ஓடுபாதைவரை எஞ்சினை இயக்காமல், இழுவை வண்டியால் இழுத்துச் சென்றார்கள். 20 மணி 9 நிமிடத்தில் சிட்னியில் இறங்கியது. முடியும் என்று நிரூபணமானது. வணிகமாக நடத்த முடியாது என்பதும் கூடவே நிரூபணமானது.

எடை குறைந்த கார்பன் இழைக் கலவை உடலும் சிக்கனமான இரட்டை எஞ்சின்களும் கொண்ட போயிங் 787-9 அந்த நிலையை மாற்றியது. 2018 மார்ச் 24 அன்று பெர்த்திலிருந்து லண்டனுக்கு 14,498 கிலோமீட்டர் தூரத்தைச் சுமார் 17 மணி நேரத்தில் கடக்கும் வழக்கமான சேவை தொடங்கியது. ஆஸ்திரேலியாவும் ஐரோப்பாவும் இடையில் இறங்காத சேவையால் இணைந்தது அதுவே முதல்முறை. 2019 நவம்பரில் அதே ரக விமானம் ஐம்பது பேரளவில் ஏற்றிக்கொண்டு லண்டனிலிருந்து சிட்னிக்கு 19 மணி 19 நிமிடத்தில் பறந்தது. நீண்ட பயணம் உறக்கத்தையும் உடலையும் எப்படிப் பாதிக்கிறது என்று ஆராய அந்தப் பயணம் நடத்தப்பட்டது.

இன்றைய பயண நேரம்

சிங்கப்பூரில் ஒருமுறை இறங்கிச் செல்லும் சேவையில் லண்டன்–சிட்னி பயணம் 23 முதல் 24 மணி நேரம். சிட்னியின் கடிகாரம் லண்டனைவிடப் பருவத்துக்கேற்ப 9 முதல் 11 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. திங்கட்கிழமை இரவு எட்டரை மணிக்கு லண்டனில் ஏறுபவர், வித்தியாசம் 11 மணியாக உள்ள மாதங்களில், புதன்கிழமை காலை ஏழு மணியளவில் சிட்னியில் இறங்குகிறார். சிட்னி விமான நிலையத்தில் இரவு 11 மணி முதல் காலை 6 மணி வரை பறப்புக் கட்டுப்பாடு இருப்பதால் கால அட்டவணையும் அதற்கேற்பவே அமைகிறது.

போகும் நேரமும் திரும்பும் நேரமும் ஒன்றல்ல. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வலுவான காற்று சிட்னி நோக்கிச் செல்லும் விமானத்தைத் தள்ளிவிடுகிறது. லண்டன் நோக்கிச் செல்வதை எதிர்க்கிறது. இதோடு நாடுகளின் வான்வெளித் தடையும் சேர்ந்துகொள்கிறது. 2022 பிப்ரவரி முதல் ரஷ்ய வான்வெளி பிரிட்டிஷ் விமானங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. 2024 ஏப்ரலில் மேற்காசியப் பதற்றத்தால் பாதை சுற்றிப்போக நேர்ந்தபோது, பெர்த்–லண்டன் விமானம் நேராகப் போக முடியாமல் சிங்கப்பூரில் இறங்கி எரிபொருள் நிரப்பியது. லண்டன்–பெர்த் திசையில் காற்று சாதகம் என்பதால் அது இறங்காமலே தொடர்ந்தது.

2022 மே மாதம் குவான்டாஸ் இறங்காத லண்டன்–சிட்னி சேவைக்காக 12 ஏர்பஸ் ஏ350-1000 விமானங்களுக்கு ஆணை கொடுத்தது. வழக்கமாக 300-க்கும் மேற்பட்டோர் அமரும் விமானத்தில் 238 இருக்கைகள் மட்டுமே. 20,000 லிட்டர் கொள்ளும் கூடுதல் தொட்டி. பயணிகள் எழுந்து உடலை நீட்டிமடக்க ஒரு தனி இடம். 22 மணி நேரம் வரை வானில் இருக்கக்கூடிய இந்த விமானங்கள் இடையில் இறங்கும் பயணத்தோடு ஒப்பிட்டால் நான்கு மணி நேரம்வரை மிச்சப்படுத்தும் என்பது கணக்கு. திட்டத்துக்கு விடியல் என்று பெயர் வைத்தது கொக்கல ஏரிக்குப் பறந்த கேட்டலினாக்களின் நினைவாக. சேவை தொடங்கும்போது 1919-ல் தரையில் கழிந்த அந்த மூன்று வாரங்களின் கடைசி எச்சமும் இந்த வழியிலிருந்து நீங்கிவிடும். அதன்பின் பயண நேரத்தைக் குறைக்க வேண்டுமானால் வேகத்தைத்தான் கூட்டியாக வேண்டும்.

(தொடரும்)